பத்துக் கம்ப்யூட்டருக்கு ஒரு காவல்காரன்!

கல்லாப்பெட்டிக்குப் பூட்டு உண்டு. கடைக்குப் பூட்டு உண்டு. இரவில் காவலுக்கு ஆளும் உண்டு.

ஆனால், கணக்குக்கு?

கணக்கு இப்பொழுது நோட்டுப் புத்தகத்தில் இல்லை. கம்ப்யூட்டரில் இருக்கிறது. யார் எவ்வளவு பாக்கி, எந்தத் தேதியில் என்ன சரக்கு வந்தது, யாருக்கு எவ்வளவு சம்பளம் என்பதெல்லாம் அதற்குள்தான். கல்லாவில் இருந்த பணம் போனால், போனது இவ்வளவு என்று தெரியும். கணக்கே போய்விட்டால், போனது எவ்வளவு என்றுகூடத் தெரியாது!

கம்ப்யூட்டரில் நாம் சேர்த்து வைப்பது எல்லாம் "டிஸ்க்" என்ற பாகத்தில் பதிகிறது. அது மனிதன் செய்த பொருள். ஒரு நாள் கெட்டுப்போகும். அந்த நாள் எது என்று யாராலும் சொல்லமுடியாது.

டிஸ்க் நன்றாக இருந்தாலும் ஆபத்து இருக்கிறது. கை தவறி ஒரு பைலை அழித்துவிடலாம். திருடன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போகலாம். மழைத் தண்ணீர் உள்ளே புகலாம். "ரான்சம்வேர்" என்று ஒரு விஷப் புரோகிராம் இருக்கிறது. அது எல்லா பைல்களையும் பூட்டிவிடும். "பணம் கொடுத்தால்தான் சாவி" என்று மிரட்டும்.

ஆகவே, நகல் வேண்டும். இதை ஒப்புக்கொள்ளாதவர் இல்லை. அந்த நகலை யார் எடுப்பது என்பதில்தான் தகராறு!

"அவரவர் கம்ப்யூட்டருக்கு அவரவர் பொறுப்பு" என்று பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள். அது கூடாது என்பது நமது அபிப்பிராயம். ஐந்து, பத்துக் கம்ப்யூட்டர்கள் உள்ள இடத்தில், நகல் எடுப்பதற்கு என்றே தனியாக ஒரு கம்ப்யூட்டர் வைக்கவேண்டும். அதற்கு "பேக்கப் சர்வர்" என்று பெயர்.

டெல்லியில் நடந்தது

டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியை அறியாதவர் இல்லை. 2022-ம் ஆண்டு நவம்பர் 23-ந் தேதி, அங்கே கம்ப்யூட்டர்கள் முடங்கிவிட்டன. விஷமிகள் உள்ளே புகுந்து, 5 சர்வர்களில் இருந்த விவரங்களைப் பூட்டிவிட்டார்கள்.

நோயாளிகள் வரிசையில் காத்து நின்றார்கள். சீட்டுப் பதிவது, பரிசோதனை முடிவு கொடுப்பது, பில் போடுவது எல்லாவற்றையும் பழையபடி கையால் எழுதவேண்டியதாயிற்று. சுமார் இரண்டு வாரம் இந்தச் சிரமம் நீடித்தது.

பிறகு ஆஸ்பத்திரி எப்படி மீண்டது?

தாக்குதலில் சிக்காத பேக்கப் சர்வர் ஒன்று இருந்தது! நோயாளிகளைப் பற்றிய "இ-ஹாஸ்பிடல்" விவரங்கள் முழுவதும் அதிலிருந்து எடுக்கப்பட்டன. புதிய சர்வர்களில் ஏற்றப்பட்டன. இதை மத்திய அரசு பாராளுமன்றத்தில் தெரிவித்தது.

அந்த ஒரு சர்வர் இல்லாதிருந்தால்? நினைக்கவே பயமாக இருக்கிறது.

"நாளைக்கு எடுக்கிறேன், சார்!"

அவரவர் நகல் எடுத்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம்.

ஆளுக்கு ஒரு பென் டிரைவ் வாங்கிக் கொடுப்பார்கள். முதல் வாரம் தவறாமல் நகல் எடுப்பார்கள். இரண்டாவது வாரம் ஒரு நாள் விட்டுப்போகும். மூன்றாவது வாரம் பென் டிரைவ் எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

"நகல் எடுத்தாயா?" என்று மானேஜர் கேட்பார்.

"நாளைக்கு எடுக்கிறேன், சார்!" என்று பதில் வரும்.

வேலை செய்பவர்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை. மாலையில் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்த குழந்தை வீட்டில் காத்திருக்கும். மனிதனுக்கு மறதி இயற்கை. அவசரமும் இயற்கை. தினந்தோறும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி, சலிக்காமல் செய்யவேண்டிய வேலையை மனிதனின் தலையில் கட்டக்கூடாது. அது மெஷின் செய்யவேண்டிய வேலை.

இன்னொரு விஷயம். பத்துப் பேர் பத்துப் பென் டிரைவில் நகல் வைத்திருந்தால், யார் எடுத்தார், யார் எடுக்கவில்லை என்று பார்க்கப் பத்து மேஜைக்கும் நடக்கவேண்டும். எல்லா நகலும் ஒரே சர்வரில் இருந்தால், ஒரு திரையைப் பார்த்தால் போதும்.

தபால்காரரைப் போல...

பேக்கப் சர்வர் எப்படி வேலை செய்கிறது?

தெருவில் தபால் பெட்டி இருக்கிறது. தபால்காரர் குறித்த நேரத்தில் வருகிறார். பெட்டியைத் திறக்கிறார். கடிதங்களை எடுத்துக்கொண்டு போகிறார். சாவி அவரிடம்தான் இருக்கிறது. தபாலாபீசுக்குள் நுழையத் தபால் பெட்டியிடம் சாவி கிடையாது.

சர்வரும் அப்படித்தான். கேபிள் மூலமாக எல்லா கம்ப்யூட்டர்களோடும் அது இணைந்திருக்கும். குறித்த நேரத்தில் ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் அதுவே தேடிப் போகும். முந்திய நகலுக்குப் பிறகு எந்தெந்த பைல் மாறியிருக்கிறது என்று பார்க்கும். அவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

இந்த முறையில் பெரிய நன்மை ஒன்று உண்டு. கம்ப்யூட்டர்களிடம் சர்வரின் சாவி இல்லை. ஆகவே, ஒரு கம்ப்யூட்டரில் விஷப் புரோகிராம் நுழைந்தாலும், அங்கிருந்து சர்வருக்குள் புகுந்து நகல்களை அழிப்பது கஷ்டம்.

இந்த வேலைக்கு இலவசமாகவே புரோகிராம்கள் கிடைக்கின்றன. "பேக்கப்பிசி" என்பது அவற்றில் ஒன்று. கிரேக் பாரட் என்பவர் எழுதியது. 2001-ம் ஆண்டில் வெளிவந்தது. "அர்பேக்கப்", "பாக்குலா" என்று வேறு புரோகிராம்களும் உண்டு.

பேக்கப்பிசியின் சாமர்த்தியத்தைப் பாருங்கள். ஒரே பைல் பத்துக் கம்ப்யூட்டரில் இருந்தால், அதைப் பத்துத் தடவை சேர்த்து வைக்காது. ஒரு தடவைதான் வைக்கும். மற்ற ஒன்பது கம்ப்யூட்டருக்கும் "இங்கே இருக்கிறது" என்று குறிப்பு மட்டும் போட்டுக்கொள்ளும். கம்ப்யூட்டர் அணைந்திருந்தால், "போனால் போகட்டும்" என்று விட்டுவிடாது. மறுபடியும் வந்து பார்க்கும். பல நாளாக நகல் எடுக்க முடியாவிட்டால், அந்தக் கம்ப்யூட்டருக்கு உரியவருக்கு ஈமெயில் அனுப்பி நினைவுபடுத்தும்!

கணக்குப் போட்டுப் பாருங்கள்

"எல்லா கம்ப்யூட்டரிலும் உள்ளதைச் சேர்த்து வைக்க எவ்வளவு பெரிய டிஸ்க் வேண்டியிருக்குமோ!" என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம்.

பைல்களின் அளவை "ஜி.பி." என்று கணக்கிடுகிறார்கள். ஓர் ஆபீசில் 10 கம்ப்யூட்டர்கள். ஒவ்வொன்றிலும் 100 ஜி.பி. இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,000 ஜி.பி. சர்வரில் 4,000 ஜி.பி. டிஸ்க் இருக்கிறது.

தினமும் எல்லாவற்றையும் முதலில் இருந்து நகல் எடுத்தால், நாலே நாளில் டிஸ்க் நிறைந்துவிடும்.

மாறியதை மட்டும் எடுத்தால்? ஒரு கம்ப்யூட்டரில் ஒரு நாளில் 1 ஜி.பி. மாறுகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பத்துக் கம்ப்யூட்டருக்கு 10 ஜி.பி. ஒரு மாதத்துக்கு 300 ஜி.பி. முதல் நகலுக்கு 1,000 ஜி.பி. போக, மீதி 3,000 ஜி.பி. இருக்கிறது. பழைய நகல் ஒன்றைக்கூட அழிக்காமல் பத்து மாதம் ஓட்டலாம்!

பழைய நகலை ஏன் வைத்திருக்கவேண்டும்? காரணம் இருக்கிறது. கணக்கு பைல் திங்கட்கிழமை பழுதாகிறது. வியாழக்கிழமைதான் அது நமக்குத் தெரிகிறது. புதன்கிழமை எடுத்த நகலிலும் பழுதான பைல்தானே இருக்கும்? ஞாயிற்றுக்கிழமை நகல் இருந்தால்தான் பிழைக்கலாம். ஆகவே, இரண்டு வாரத்துக்குத் தினசரி நகல், இரண்டு மாதத்துக்கு வார நகல், ஒரு வருஷத்துக்கு மாத நகல் என்று வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு ஜாக்கிரதை. கணக்கு புரோகிராம் திறந்திருக்கும்போது எடுக்கும் நகல் சில சமயம் பழுதாக இருக்கும். வேலை முடிந்து, அதை மூடிய பிறகு நகல் எடுக்கும்படி நேரத்தைக் குறிக்கவேண்டும்.

கண்ணாடி, நகல் ஆகாது!

"எங்களிடம் இரண்டு டிஸ்க் இருக்கிறது. ஒன்றில் எழுதினால் மற்றதிலும் பதியும். எங்களுக்கு என்ன பயம்?" என்று சிலர் சொல்லுவார்கள்.

நெற்றியில் உள்ள பொட்டை அழித்துவிட்டுக் கண்ணாடியைப் பாருங்கள். கண்ணாடியில் பொட்டு இருக்குமா? இராது. அதுபோலத்தான் இதுவும். ஒன்றில் அழிந்தால், அந்தக் கணமே மற்றதிலும் அழிந்துவிடும். ஒரு டிஸ்க் உடைந்தால் மற்ற டிஸ்க் உதவும். அது நல்லதே. ஆனால், கை தவறி அழித்ததற்கும், விஷப் புரோகிராமுக்கும் அது மருந்து ஆகாது.

டென்மார்க் நாட்டில் "மெர்ஸ்க்" என்ற பெரிய கப்பல் கம்பெனி இருக்கிறது. 2017-ம் ஆண்டு ஜூன் 27-ந் தேதி, "நாட்பெட்யா" என்ற விஷப் புரோகிராம் அந்தக் கம்பெனியைத் தாக்கியது. யார் கம்ப்யூட்டருக்குள் வரலாம், யார் எதைப் பார்க்கலாம் என்ற பட்டியலைக் கம்பெனி சுமார் 150 சர்வர்களில் வைத்திருந்தது. ஒன்றில் மாறினால் மற்றவற்றிலும் மாறும். ஒன்று கெட்டால் இன்னொன்று உதவும் என்பது எண்ணம். எல்லாமே ஒரே சமயத்தில் அழிந்துவிடும் என்று யாரும் நினைக்கவில்லை. ஆனால், அதுதான் நடந்தது!

ஒன்று மட்டும் தப்பியது. அது ஆப்பிரிக்காவில், கானா நாட்டு ஆபீசில் இருந்தது. தாக்குதல் நடந்த சமயம் அங்கே மின்சாரம் இல்லை! அதனால் அந்தக் கம்ப்யூட்டர் மட்டும் இணைப்பில் இல்லாமல் இருந்தது. அதில் இருந்ததை டிஸ்க்கில் எடுத்துக்கொண்டு கானாவில் இருந்து ஒருவர் நைஜீரியாவுக்குப் பறந்தார். அங்கே இன்னொருவர் வாங்கிக்கொண்டு லண்டனுக்குப் பறந்தார். 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் பத்து நாளில் புதிதாக அமைத்ததாகக் கம்பெனியின் தலைவர் பிறகு கூறினார்.

மின்சாரம் போனதால் பிழைத்தது அந்தக் கம்பெனி! ஆனால், எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்குமா?

திறந்து பார்த்தீர்களா?

சர்வர் வாங்கியாயிற்று. தினமும் நகல் எடுக்கிறது. இனிக் கவலை இல்லை என்று இருந்துவிடலாமா?

கூடாது. இதற்கும் ஒரு கதை உண்டு.

"டாய் ஸ்டோரி 2" என்ற கார்ட்டூன் சினிமாப் படத்தை அமெரிக்காவின் "பிக்சார்" கம்பெனி தயாரித்தது. 1998-ம் ஆண்டில் வேலை நடந்துகொண்டிருந்தது. யாரோ ஒருவர், தவறான இடத்தில் "அழி" என்ற கட்டளையைக் கொடுத்துவிட்டார். திரையில் இருந்த பொம்மைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. படத்தில் பத்தில் ஒன்பது பங்கு போய்விட்டது!

"நகல் இருக்கிறது" என்று தைரியமாகப் போய்ப் பார்த்தார்கள். நகல் எடுக்கும் ஏற்பாடு சரியாக வேலை செய்யவில்லை என்பது அப்பொழுதுதான் தெரிந்தது.

படத்தில் வேலை செய்த கேலின் சஸ்மன் என்ற பெண்மணி, குழந்தை பெற்றிருந்ததால் வீட்டில் இருந்தே வேலை செய்துவந்தார். அவருடைய வீட்டுக் கம்ப்யூட்டரில் படத்தின் நகல் ஒன்று இருந்தது! அதைப் போர்வையில் சுற்றி, காரில் வைத்து, குழந்தையைக் கொண்டுவருவதுபோல் கொண்டுவந்தார்கள். படம் பிழைத்தது. 1999-ம் ஆண்டு நவம்பரில் வெளிவந்தது.

நகல் எடுத்தால் மட்டும் போதாது. அதிலிருந்து பைலைத் திரும்ப எடுக்க முடிகிறதா என்று பார்க்கவேண்டும். மாதம் ஒரு தடவை, ஏதாவது ஒரு பைலை நகலில் இருந்து எடுத்துத் திறந்து பாருங்கள். கால் மணி நேர வேலை. இதைச் செய்யாதவர், நகல் எடுக்காதவரைவிட ஆபத்தில் இருக்கிறார். நகல் இல்லாதவருக்காவது பயம் இருக்கும். இவருக்கு அதுவும் இராது!

ஒரே கூரையின் கீழ்

எல்லா கம்ப்யூட்டரும் ஓர் அறையில். சர்வர் பக்கத்து அறையில். கட்டிடத்தில் தீப்பிடித்தால்?

தென்கொரியாவில் டேஜான் நகரில், அரசாங்கக் கம்ப்யூட்டர் நிலையம் இருக்கிறது. 2025-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந் தேதி, பேட்டரியில் இருந்து அங்கே தீப்பிடித்தது. அரசாங்க ஊழியர்கள் தங்கள் வேலைக் காகிதங்களைச் சேர்த்து வைத்த "ஜி-டிரைவ்" எரிந்துபோயிற்று. அதில் இருந்தது 8 லட்சத்து 58 ஆயிரம் ஜி.பி.! "அளவு மிகப் பெரிது" என்ற காரணத்தால், அதற்கு வேறு இடத்தில் நகல் வைக்கவில்லை.

அந்த ஊழியர்கள் தங்கள் பைல்களை ஒரே இடத்தில் ஒழுங்காகச் சேர்த்து வைத்தார்கள். அதில் தவறு இல்லை. அந்த ஒரே இடத்துக்கு வேறு ஊரில் நகல் இல்லாததுதான் தவறு.

பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர், இதற்குச் சுலபமான விதி ஒன்றைப் பரப்பினார். 3-2-1 என்று அதற்குப் பெயர். எந்த முக்கியமான பைலும் 3 இடத்தில் இருக்கவேண்டும். 2 விதமான சாதனங்களில் இருக்கவேண்டும். 1 நகலாவது வேறு கட்டிடத்தில் இருக்கவேண்டும்.

சிறிய ஆபீஸ் என்ன செய்யலாம்? கழற்றி எடுக்கக்கூடிய டிஸ்க் இரண்டு வாங்குங்கள். வாரம் ஒரு தடவை, சர்வரில் உள்ள நகல்களை ஒரு டிஸ்க்கில் ஏற்றி, வேறு இடத்தில் பத்திரமாக வையுங்கள். அடுத்த வாரம் இரண்டாவது டிஸ்க். மாற்றி மாற்றி நடக்கட்டும். கழற்றி வைத்த டிஸ்க்கை எந்த விஷப் புரோகிராமும் தொடமுடியாது.

சாவி யாரிடம்?

இதில் ஆபத்தே இல்லையா? உண்டு. அதையும் சொல்லவேண்டும்.

எல்லோருடைய பைல்களும் ஒரே பெட்டியில் சேர்கின்றன. சம்பளக் கணக்கு, நோயாளியின் சீட்டு, மாணவியின் விலாசம், எல்லாம் அதில் இருக்கும். அந்தப் பெட்டியைத் திருடினால், பத்துக் கம்ப்யூட்டரையும் திருடியதற்குச் சமம்.

ஆகவே, சர்வர் பூட்டிய அறையில் இருக்கவேண்டும். வெளியே எடுத்துப்போகும் டிஸ்க்கில் உள்ளவை, கடவுச்சொல் இல்லாமல் படிக்கமுடியாதபடி இருக்கவேண்டும். சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும். ஒருவரே வைத்திருந்தால், அவர் லீவில் போன நாளில்தான் நகல் தேவைப்படும்! ஒருவருடைய பைலை மற்றொருவர் காரணம் இல்லாமல் எடுத்துப் பார்க்கக்கூடாது. என்னென்ன பைல் நகல் எடுக்கப்படுகிறது என்பது வேலை செய்பவர்களுக்கும் தெரிந்திருக்கவேண்டும்.

வீண் செலவா?

"லாபம் தராத மெஷினுக்கு எதற்குச் செலவு?" என்று முதலாளிகள் கேட்கலாம்.

இரும்புப் பெட்டி லாபம் தருகிறதா? இரவுக் காவல்காரர் சரக்கு விற்கிறாரா? இல்லை. ஆனாலும் அவற்றுக்குச் செலவு செய்கிறோம். ஒரே ஒரு நாள் உதவினால் போதும் என்றுதான் செய்கிறோம். பேக்கப் சர்வரும் அந்த ஜாதிதான்.

புத்தம் புதிய கம்ப்யூட்டர் வேண்டும் என்பதும் இல்லை. நல்ல நிலையில் உள்ள பழைய கம்ப்யூட்டர் போதும். டிஸ்க் மட்டும் புதிதாக இருக்கட்டும். மின்சாரம் போனால் உடனே அணைந்துவிடாதபடி ஒரு "யு.பி.எஸ்." இருக்கட்டும். புரோகிராம் இலவசம். அமைத்துக் கொடுக்க, விஷயம் தெரிந்த ஒருவர் வேண்டும். அவருக்குக் கொடுக்கும் கூலியில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அச்சகம், கூட்டுறவுச் சங்கம் ஆகிய இடங்களுக்கு இது இன்னும் அவசியம். அங்கே இருக்கும் விவரங்கள் பொதுஜனங்களுடையவை. அவை தொலைந்தால், கஷ்டப்படுவது ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நிற்பவர்கள்தான்.

வீட்டுக்கும் இது பொருந்தும். அப்பாவுக்கு ஒரு கம்ப்யூட்டர், பிள்ளைக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று உள்ள வீட்டில், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு சிறிய சர்வர் வைக்கலாம். கல்யாணப் போட்டோவைக் காசு கொடுத்து மறுபடியும் வாங்கமுடியாது.

வேலைக்குப் போனதும் ஒரு கேள்வி கேளுங்கள். "நகல் இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். "இருக்கிறது" என்றுதான் எல்லோரும் சொல்லுவார்கள். "போன மாதம் 10-ந் தேதி இருந்தபடி, இந்த பைலை எடுத்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

எடுத்துக் காட்டினால், சந்தோஷம். காட்டமுடியாவிட்டால், அன்றைக்கே வேலையை ஆரம்பியுங்கள்!